நோய் தாங்கும் கிளோவர்: அந்தத் திறன் விதை வழியாக எப்படி இறங்குகிறது?

மேய்ச்சல் நிலத்துக்கு வாங்கும் கிளோவர் விதைப் பையில் "நோய் எதிர்ப்பு ரகம்" என்று அச்சிட்டிருக்கும். விதைத்து மூன்று நான்கு வருடம் நன்றாகப் போகும். ஒரு ஈரமான பருவத்தில் திடீரென்று இலைக்காம்புகள் கறுத்து, இலைகள் தலைகுப்புறச் சாயும். உடனே இரண்டு பேச்சு எழும். "விதை போலி" என்பார் ஒருவர். "எதிர்ப்புச் சக்தி வருடாவருடம் தேய்ந்துபோச்சு" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. விதை நல்ல விதையாகவே இருந்திருக்கும். செடியின் எதிர்ப்பும் முதல் வருடம் இருந்த மாதிரியே இருக்கும். அப்படியானால் மாறியது எது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, எதிர்ப்பு என்பது என்ன, அது தாய்ச்செடியிலிருந்து சேய்க்கு எந்தக் கணக்கில் போகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். மரபியல் படித்திருக்கத் தேவையில்லை.

## முதலில் கிளோவர்

கிளோவர் பயறு, அவரைக் குடும்பத்துச் செடி. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். அதன் அறிவியல் பெயரான டிரைஃபோலியம் என்பதற்கும் மூவிலை என்றே பொருள். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், புல்லோடு கலந்து விதைத்தால் மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் புரதம் நிறைந்த தீவனம்.

இந்தக் கட்டுரைக்கு இரண்டு வகை போதும். ஒன்று செங்கிளோவர். இன்னொன்று நிலத்தடிக் கிளோவர். பூ வாடியதும் காயை மண்ணுக்குள் தானே புதைத்துக்கொள்ளும் விசித்திரமான செடி. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த இது, எப்படியோ கப்பலேறித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. மவுண்ட் பார்க்கர் ஊருக்கு அருகே 1889இல் ஏமஸ் ஹோவர்ட் என்ற விவசாயி இதைக் கவனித்து, நல்ல தீவனம் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். இன்று தென் ஆஸ்திரேலியப் பகுதிகளின் முக்கியமான மேய்ச்சல் செடிகளில் இதுவும் ஒன்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலத்தடிக் கிளோவர் தன் பூவைத் தன் மகரந்தத்தாலேயே கருவாக்கிக்கொள்ளும். செங்கிளோவர் தன் மகரந்தத்தை ஏற்காது. தேனீயோ வண்டுத்தேனீயோ வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் விதை பிடிக்கும். கட்டுரையின் கடைசிப் பகுதி முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்த நோய்களை உண்டாக்கும் பூஞ்சைக்கு மருந்து அடித்தால் போதாதா என்று கேட்கலாம். மேய்ச்சல் நிலம் தோட்டம் மாதிரி இல்லை. பரப்பு பெரிது, ஒரு ஹெக்டேருக்கு வரும் வருமானம் சிறிது, மேலே கால்நடை மேய்ந்துகொண்டிருக்கிறது. பருவத்துக்கு நாலு தடவை மருந்து தெளிப்பது கட்டுப்படியாகாது. அதனால் பாதுகாப்பு விதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

## எதிர்ப்பு என்பது அடையாளம் கண்டுகொள்வது

நம் உடம்போடு ஒப்பிட்டுப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு முறை அம்மை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை, உடம்பு பழகிக்கொண்டது என்கிறோம். அதே மாதிரி செடியும் நோயில் அடிபட்டு அடிபட்டு எதிர்ப்பைக் கற்றுக்கொண்டு, அதை விதையில் கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் பேசும் எதிர்ப்பு அப்படி வருவதில்லை. நம் ரத்தத்தில் ஓடுகிற நோயெதிர்ப்பு அணுக்கள் செடிக்கு இல்லை. செடியின் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், பிறக்கும்போதே கையில் இருக்கும் கருவிகளை வைத்து.

ஒரு வாயிற்காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சட்டைப் பையில் ஒரு திருடனின் புகைப்படம் இருக்கிறது. அந்த முகம் வாசலுக்கு வந்தால் உடனே மணி அடிப்பார். படத்தில் இல்லாத முகம் வந்தால் மரியாதையாக உள்ளே விட்டுவிடுவார். அவர் பலசாலியா, மெலிந்தவரா என்பதில் ஒன்றுமில்லை. பையில் எந்தப் படம் இருக்கிறது என்பதே முழுக் கதையும்.

செடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பூஞ்சை இலைக்குள் நுழையும்போது சில புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. செடியின் பாதுகாப்பை மழுங்கடித்து, தனக்குச் சாப்பாடு கிடைக்க வழிசெய்வது அவற்றின் வேலை. இவற்றை ஊடுருவல் புரதங்கள் என்று வைத்துக்கொள்வோம். செடியின் செல்லுக்குள் இன்னொரு புரதம், இந்த ஊடுருவல் புரதங்களில் ஒன்றைப் பார்த்தால் விழித்துக்கொள்கிற மாதிரி அமைந்திருக்கலாம். அதுதான் காவலர். அதைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுவை எதிர்ப்பு மரபணு என்கிறோம்.

காவலர் மணி அடித்ததும் பூஞ்சை தொட்ட செல்லும் அதைச் சுற்றியுள்ள சில செல்களும் தாமாகவே செத்துவிடுகின்றன. கேட்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் துரு நோய், சாம்பல் நோய் மாதிரியானவற்றை உண்டாக்கும் பூஞ்சைகள் உயிருள்ள செல்லிலிருந்து மட்டுமே உணவு உறிஞ்சக்கூடியவை. சுற்றிலும் செத்த செல் என்றால் அவற்றுக்குப் பட்டினிதான். எதிர்ப்புள்ள இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஊசி குத்தினாற்போல் சிறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். அது நோய் அறிகுறி அல்ல, நோய் அங்கேயே நின்றுபோன இடம்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். செடி தன் பிள்ளைக்குக் கொடுப்பது "பலம்" என்ற பொதுவான ஒன்றை அல்ல. ஒரு குறிப்பிட்ட எதிரியை அடையாளம் காணும் கருவியைச் செய்வதற்கான குறிப்பைக் கொடுக்கிறது.

## ஒரே மரபணு: ரத்த வகை மாதிரி

அப்பா ஏ வகை, அம்மாவும் ஏ வகை, பிள்ளைக்கு மட்டும் ஓ வகை. பல வீடுகளில் இது சந்தேகத்தையும் சண்டையையும் கிளப்பியிருக்கிறது. தப்பு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. ஏ பிரதி ஒன்று, ஓ பிரதி ஒன்று என்று இருந்தால் பரிசோதனையில் ஏ என்றே காட்டும். ஓ உள்ளே மறைந்திருக்கும். இரண்டு பெற்றோரும் தங்களிடம் மறைந்திருந்த ஓவையே கொடுத்தால் பிள்ளை ஓ.

ஒற்றைப் பிரதி இருந்தாலே வெளியே தெரிகிற பண்பை ஓங்கு பண்பு என்றும், இரண்டு பிரதியும் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் தெரிகிற பண்பை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கிறார்கள். 1860களில் பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணி மெண்டல் கண்ட கணக்கு இது.

காவலர் உவமைக்குத் திரும்புவோம். வாசலில் படம் வைத்திருக்கும் காவலர் ஒருவர் இருந்தாலே மணி அடிக்கும், இரண்டு பேர் தேவையில்லை. அதனால் எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை ஓங்கு பண்பாக இருக்கின்றன. செங்கிளோவரில் சாம்பல் நோய்க்கு எதிரான மரபணுக்கள் இந்த மாதிரிதான்.

"ஓங்கு" என்ற சொல்லைக் கேட்டதும் அது வலிமையானது, தானாகப் பரவிக்கொண்டே போகும் என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. இரண்டுமே இல்லை. கூடவே ஒடுங்கிய மரபணு இருந்தாலும் வெளியே தெரியும், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஒடுங்கு பண்பாக வரும் எதிர்ப்பும் உண்டு. கோதுமையின் மஞ்சள் துரு நோயில் 1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோலண்ட் பிஃபென் காட்டியது ஒடுங்கு எதிர்ப்பைத்தான். நோய் எதிர்ப்பும் மெண்டல் கணக்குப்படி இறங்குகிறது என்பதற்கான முதல் சான்றுகளில் அது ஒன்று. பார்லியில் சாம்பல் நோயைத் தடுக்கும் எம்எல்ஓ என்ற மரபணு மாற்றமும் ஒடுங்கு வகையே. 1979 முதல் ஐரோப்பிய வயல்களில் இருக்கும் அது, பல ஓங்கு மரபணுக்களைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. பூஞ்சை உள்ளே நுழையப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு படிக்கட்டை எடுத்துவிட்ட மாதிரி அது. படிக்கட்டு முழுவதும் போக வேண்டுமென்றால் இரண்டு பிரதியும் பழுதாகியிருக்க வேண்டும். அதனால்தான் அது ஒடுங்கு.

## இரண்டு ரகங்களைக் கலப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்

நிலத்தடிக் கிளோவரில் இரண்டு ரகங்களைக் கலப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரு பூங்கொத்தில் மூன்று நான்கு பூக்கள்தான் இருக்கும், வெண்மையாக, குழாய் மாதிரி, ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் குறுகலாக. பூ திறப்பதற்கு முன்பே உள்ளே மகரந்தம் கொட்டி வேலை முடிந்துவிடும். அதனால் மொட்டு இன்னும் பச்சை வாடையோடு மூடியிருக்கும்போதே, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, மெல்லிய இடுக்கியால் இதழைக் கீறி, மகரந்தப் பைகள் பத்தையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு பை உடைந்தாலும் அந்தப் பூ கணக்கில் சேராது. பிறகு எதிர்ப்புள்ள ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூங்கொத்துக்கு அடையாள நூல் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் அது காயாகி மண்ணுக்குள் போய்விடும்.

வந்த விதை உண்மையிலேயே கலப்பு விதையா, தாய் தன்னைத் தானே கருவாக்கிக்கொண்டதா? இங்கே இலை கைகொடுக்கிறது. நிலத்தடிக் கிளோவரின் சிற்றிலையில் வெளிர்பச்சைப் பட்டையும் பிறைக் குறியும் இருக்கும், ரகத்துக்கு ரகம் வேறுபடும். அந்தக் குறிகளும் மரபணு வழியே வருபவை. தாயிடம் இல்லாத, தந்தையிடம் மட்டும் உள்ள குறி நாற்றின் இலையில் வந்திருந்தால் கலப்பு வென்றது என்று பொருள். முதல் சில இலைகள் விரிந்ததுமே சொல்லிவிடலாம். எத்தனையோ நாள் இடுக்கியோடு போராடியதற்கான பதில் ஒரு சின்னப் பிறை வடிவில் வந்து நிற்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த காட்சி.

முதல் தலைமுறைச் செடியில் எதிர்ப்பு மரபணு ஒரு பிரதி, எதிர்ப்பில்லாத மரபணு ஒரு பிரதி இருக்கும். எதிர்ப்பு ஓங்கு என்றால் அந்தச் செடி நோய்க்கு ஈடுகொடுக்கும். அதைத் தன்னைத் தானே கருவாக்க விட்டு, அதன் விதைகளை விதைத்தால் இரண்டாம் தலைமுறை. எண்ணுவது இங்கேதான் தொடங்குகிறது.

## தட்டில் எண்ணுவது

நாற்றுகளை வரிசையாகத் தட்டில் வளர்த்து, ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சையின் வித்துகளை நீரில் கலந்து தெளிக்கிறார்கள். வித்து என்பது பூஞ்சையின் விதை மாதிரி, கண்ணுக்குத் தெரியாத தூள். அவை முளைக்க ஈரம் வேண்டும் என்பதால் தட்டுகளை மூடி ஈரமாக வைத்திருப்பார்கள். சில வாரம் கழித்து ஒவ்வொரு காம்பாகத் திருப்பிப் பார்த்து எண்ணுவார்கள். ஒவ்வொரு தட்டிலும் நோய் கட்டாயம் வரும் என்று தெரிந்த ஒரு ரகத்தையும் நட்டிருப்பார்கள். அது நோயில் விழவில்லை என்றால் பூஞ்சையே சரியாக ஒட்டவில்லை, அந்தத் தட்டின் கணக்கு செல்லாது.

ஒரு கற்பனைத் தட்டை எடுத்துக்கொள்வோம். 160 நாற்று. 118 நன்றாக இருக்கின்றன, 42 கறுத்துவிட்டன. ஒரே ஓங்கு மரபணுதான் காரணம் என்றால் நாலில் மூன்று பங்கு தப்ப வேண்டும், அதாவது 120க்கு 40. கிடைத்தது அதற்கு மிக அருகில். தனித்தனியான இரண்டு ஓங்கு மரபணுக்களில் எது இருந்தாலும் போதும் என்றிருந்தால் பதினாறில் ஒன்றுதான் விழும், 150க்கு 10. அது பொருந்தவில்லை. ஆக, ஒரே மரபணு என்று சொல்லலாமா?

இன்னும் சொல்லக் கூடாது. நன்றாக இருக்கும் 118இல் சில நாற்றுகள் எதிர்ப்பே இல்லாமல் வெறும் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கலாம், வித்து சரியாகப் படாமல் போயிருக்கலாம். இதற்குத் தப்பித்தல் என்று பெயர். எதிர்ப்பையும் தப்பித்தலையும் கண்ணால் பிரிக்க முடியாது, பிள்ளைகளை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதனால் ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக விதைத்து மறுபடி சோதிக்கிறார்கள். கணக்கு சரி என்றால் தப்பிய செடிகளில் மூன்றில் ஒரு பங்கின் பிள்ளைகள் அத்தனையும் எதிர்ப்போடு வர வேண்டும். மீதி இரண்டு பங்கின் பிள்ளைகள் மறுபடியும் மூன்றுக்கு ஒன்று என்று பிரிய வேண்டும். பிள்ளைகள் எல்லாமே நோயில் விழுந்தால், அந்தத் தாய் அதிர்ஷ்டத்தில் தப்பியது.

"போன வருடம் நோயில் பிழைத்த செடியிலிருந்து விதை எடுத்து வைத்தேன், இந்த வருடம் எல்லாம் போச்சு" என்று சொல்பவரின் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அவர் எடுத்தது எதிர்ப்புள்ள செடியின் விதை அல்ல, தப்பித்த செடியின் விதை.

எதிர்ப்புள்ள நாற்று கிடைத்துவிட்டதால் ரகம் ரெடி என்றும் இல்லை. அதில் பாதி மரபணுக்கள் எதிர்ப்புள்ள பெற்றோரிடமிருந்து வந்தவை. அந்தப் பெற்றோர் விளைச்சலில் சுமாராக இருக்கலாம். நிலத்தடிக் கிளோவரில் இன்னொரு கண்ணியும் உண்டு. ட்வால்கனப், யார்லூப் போன்ற பழைய ரகங்களில் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் அதிகம். மேய்ந்த ஆட்டின் உடலில் அது பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்து, 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடுகள் சினை பிடிக்காமல் போகக் காரணமானது. நோயைத் தாங்குகிறது என்று ஒரு செடியைப் பிடித்தால் இந்த மாதிரிக் குணம் எதுவும் கூடவே வந்துவிடக் கூடாது. அதனால் கிடைத்த நாற்றை நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல ரகத்தின் பங்கு சராசரியாக 50, 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். எதிர்ப்பு மரபணு மட்டும் நழுவிவிடாமல் ஒவ்வொரு தலைமுறையிலும் சோதித்துக்கொண்டே வர வேண்டும்.

சுருக்கமாக, ஒரு செடி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த விகிதத்தில் பிரிகின்றன என்பதுதான் சாட்சி.

## பல மரபணு: உயரம் மாதிரி

ரத்த வகையில் ஏ, பி, ஏபி, ஓ என்று தெளிவான கட்டங்கள் உண்டு. உயரம் அப்படி அல்ல. குட்டை, நெட்டை என்ற இரண்டு கட்டத்தில் மனிதர்களை அடைக்க முடியாது. ஏராளமான மரபணுக்கள் ஆளுக்கொரு துளி சேர்க்கின்றன, சாப்பாடும் வளர்ந்த விதமும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கின்றன.

நோய் எதிர்ப்பிலும் இந்த வகை உண்டு. செங்கிளோவரின் பெரிய எதிரி கிளோவர் அழுகல். ஸ்கிளிரோடீனியா என்ற பூஞ்சையால் குளிர்காலத்தில் வருவது. இது துரு மாதிரி உயிருள்ள செல்லை நம்பி வாழ்வதில்லை. செல்லைக் கொன்று, செத்ததைத் தின்பது. இதன் முன்னால் காவலர் மணி அடித்துச் செல்கள் தற்கொலை செய்துகொண்டால், விருந்து வைத்த மாதிரிதான் ஆகும். அதனால் ஒற்றை மரபணு வைத்து இதைத் தடுப்பது கடினம். திசுவின் தடிமன், குளிரைத் தாங்கும் தன்மை, பூஞ்சை பரவும் வேகத்தைக் குறைக்கும் வேதிப்பொருட்கள் என்று பல சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் ஒரு செடி கொஞ்சம் அதிகம் தாங்குகிறது, இன்னொன்று கொஞ்சம் குறைவாக.

இங்கே 120க்கு 40 என்று எண்ண முடியாது. தப்பியவை, விழுந்தவை என்ற இரண்டு குவியலே கிடையாது. முழுக்க அழுகியதிலிருந்து லேசாகப் பட்டது வரை ஒரே சரிவாக இருக்கும். அப்போது வேறு கேள்வி கேட்க வேண்டும்: செடிக்குச் செடி தெரியும் இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணுவால் வந்தது, எவ்வளவு மண்ணாலும் ஈரத்தாலும் வந்தது? மரபணுவால் வந்த பங்கைப் பாரம்பரியப் பங்கு என்று அழைப்போம். இது செடிக்குள் எழுதி வைத்த நிரந்தர எண் அல்ல. ஒரே விதைகளைச் சீரான நிலத்தில் விதைத்தால் பங்கு கூடும். ஒரு மூலையில் நீர் தேங்கி, மறு மூலை காய்ந்து கிடக்கும் நிலத்தில் விதைத்தால் அதே விதைகளிலும் பங்கு குறையும், ஏனென்றால் வித்தியாசத்தில் பாதியை நிலமே உண்டாக்கிவிட்டது. பங்கு குறைந்தால் நாம் தேர்ந்தெடுக்கும் "நல்ல" செடிகளில் பல, நல்ல இடத்தில் நின்ற சாதாரணச் செடிகளாக இருக்கும்.

இப்படிப் படிப்படியாகக் கூடும் எதிர்ப்பை "அரைகுறை" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய் வரவே வராது என்ற வாக்குறுதியை அது தருவதில்லைதான். ஆனால் நோய் வரும் வேகத்தைக் குறைக்கிறது, வந்தாலும் செடி மறுபடி துளிர்க்கிறது. பல வருடம் நிற்க வேண்டிய மேய்ச்சல் நிலத்துக்கு அது பெரிய விஷயம்.

## பூஞ்சைக்கும் பரம்பரை உண்டு

ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். விதையும் மாறவில்லை, எதிர்ப்பும் தேயவில்லை. மாறியது பூஞ்சை.

1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்ட் ஃப்ளோர் என்ற அறிவியலாளர் ஆளிச் செடியையும் அதைத் தாக்கும் துருப் பூஞ்சையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் செடியை மட்டும் கலந்து எண்ணியபோது, இவர் பூஞ்சையையும் பூஞ்சையோடு கலந்து, அதன் பிள்ளைகளையும் எண்ணினார். செடியில் ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தால், அதற்கு நேராகப் பூஞ்சையிலும் ஒரு மரபணு இருக்கிறது என்பது அவர் கண்டது. மரபணுவுக்கு மரபணு என்று இந்தக் கருத்தைச் சொல்வார்கள். காவலர் பையில் இருக்கும் படம் ஒரு மரபணு, திருடனின் முகம் எதிர்ப்பக்கத்து மரபணு. இரண்டும் பொருந்தினால் மட்டுமே மணி அடிக்கும்.

திருடன் முகத்தை மாற்றிக்கொண்டால்? காவலர் அதே காவலர், படம் அதே படம். ஆனாலும் திருட்டு நடக்கும். பூஞ்சையின் ஊடுருவல் புரதத்தைச் செய்யும் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே போதும். ஒரு நிலத்தில் எண்ணி மாளாத வித்துகள் உண்டாகும்போது அப்படி ஒன்று எங்காவது தோன்றிவிடும். எங்கும் எதிர்ப்பு ரகமே விதைத்திருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் முழு நிலமும் திறந்த வீடு. இப்படி, செடிகளைத் தாக்கும் திறனில் வேறுபடும் பூஞ்சைக் கூட்டங்களைப் பிரிவுகள் என்று எண் போட்டு அழைக்கிறார்கள்.

நிலத்தடிக் கிளோவரின் கருகல் நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கபட்டியெல்லா காலிவோரா என்ற பூஞ்சை இலைக்காம்பையும் பூக்காம்பையும் தாக்கிக் கறுப்பு வளையம் போடும். வளையத்துக்கு மேலே உள்ள இலை தொங்கிப் பழுப்பாகும். தூரத்திலிருந்து பார்த்தால் நிலத்தில் தீ புகுந்து போன மாதிரி இருக்கும். குளிர்ந்த ஈரமான நாட்களில் மழைத்துளி தெறிக்கத் தெறிக்கப் பரவும். 1970களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இது பெரிய அழிவை உண்டாக்கி, யார்லூப், ஊஜனெல்லப் போன்ற பரவலான ரகங்களின் மேல் இருந்த நம்பிக்கையை உடைத்தது. அதன் பிறகு வளர்ப்பாளர்கள் கருகலைத் தாங்கும் ரகங்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். 1990களில் அதே மாநிலத்தில் பூஞ்சையின் இன்னொரு பிரிவு வெளிப்பட்டது. பழைய பிரிவைத் தாங்கிய ரகங்களில் சில புதியதன் முன்னால் விழுந்தன. அந்த ரகங்களின் மரபணு எதுவும் கெட்டுப்போகவில்லை. அவை பழைய முகத்தை இன்றும் சரியாகவே அடையாளம் காண்கின்றன.

ஆக, "இந்த ரகத்துக்கு எதிர்ப்பு உண்டா?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்தப் பூஞ்சைக்கு, அதில் எந்தப் பிரிவுக்கு என்பதும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி. எதிர்ப்பு செடியிடம் மட்டும் இருக்கும் சொத்து அல்ல, செடிக்கும் பூஞ்சைக்கும் நடுவே உள்ள பொருத்தம்.

## ரகம் என்றால் ஒரே செடியா, ஒரு கூட்டமா?

ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்குமா என்ற சிக்கல் நிலத்தடிக் கிளோவரில் குறைவு. தன்னைத் தானே கருவாக்கிக்கொள்வதால் கலப்புநிலை, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் வெவ்வேறாக இருப்பது, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், பிறகு 25, 12.5, 6.25, ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய 3 சதவீதம். அதற்குப் பிறகு அந்த ரகத்தின் செடிகள் ஏறத்தாழ ஒரே அச்சு.

செங்கிளோவர் ரகம் அப்படி இருக்கவே முடியாது. ஒவ்வொரு விதைக்கும் தாய் வேறு, தந்தை வேறு. அங்கே ரகம் என்பது பல ஆயிரம் தனிச் செடிகளின் கூட்டம். கேட்க வேண்டியது எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதல்ல, கூட்டத்தில் எத்தனை பேரிடம் உண்டு என்பதுதான்.

கையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் அந்த மரபணுவின் மொத்தப் பிரதிகளில் 20 சதவீதம் எதிர்ப்புப் பிரதி, 80 சதவீதம் எதிர்ப்பில்லாத பிரதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு செடிக்கு இரண்டு பிரதியும் எதிர்ப்பில்லாததாக அமைய வாய்ப்பு 0.8 பெருக்கல் 0.8, அதாவது 64 சதவீதம். மீதி 36 சதவீதச் செடிகள் நோயைத் தாங்கும். பூஞ்சையைத் தெளித்து, விழுந்தவற்றைப் பிடுங்கிவிட்டு, தாங்கியவை மட்டும் தங்களுக்குள் கலக்கும்படி விட்டால் அடுத்த தலைமுறையில் தாங்குபவை ஏறக்குறைய 80 சதவீதம். ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கு மேல்! அதற்கடுத்த சுற்றில் 90.5. அதற்கடுத்து 94.5.

முதல் சுற்றில் அவ்வளவு ஏறியது ஏன் போகப் போக இப்படி ஊர்கிறது? ஓ ரத்த வகையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பில்லாத பிரதி இப்போது பெரும்பாலும் எதிர்ப்புப் பிரதியோடு ஜோடி சேர்ந்து, நன்றாக இருக்கும் செடிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பூஞ்சையைத் தெளித்தால் அந்தச் செடிகள் விழாது, பிடுங்க வழியில்லை. இரண்டு மறைந்த பிரதிகள் ஒரு விதையில் சந்திக்கும்போது மட்டும் ஒரு செடி கறுத்து நிற்கும். நூறு சதவீதத்தைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு செடியின் பிள்ளைகளையும் சோதித்தாக வேண்டும், அல்லது மரபணுவையே நேரடியாகப் படிக்க வேண்டும். பல நேரம் வளர்ப்பாளர் 90ஐத் தாண்டியதும் நின்றுவிடுவது சோம்பலால் அல்ல. மேலும் மேலும் சில செடிகளை மட்டும் வடிகட்டினால் கூட்டம் சிறுத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே கலப்பு நடந்து, செடிகள் நோஞ்சானாகிவிடும். தன் மகரந்தத்தையே மறுக்கிற இந்தச் செடிக்கு உறவுக் கலப்பு ஒத்துக்கொள்வதில்லை.

எதிர்ப்பு ரகம் விதைத்த செங்கிளோவர் நிலத்தில் பத்துப் பதினைந்து செடிக்கு ஒன்று நோயில் வாடி நின்றால், அது ஏமாற்று விதையின் அறிகுறி அல்ல. அந்த ரகம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் செடிகளைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் பூஞ்சையை உள்ளே விடாதவை என்பதால், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ முடியாமல் அங்கங்கே நின்றுவிடும். ஆனால் வாடிய செடிகள் திட்டுத்திட்டாகச் சேர்ந்து, வாராவாரம் விரிந்துகொண்டே போனால் விஷயம் வேறு. அப்போது சில செடிகளைக் காம்போடு பறித்து, பூஞ்சை எந்தப் பிரிவு என்று சொல்லக்கூடிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். புது முகம் வந்திருக்கலாம்.